இது மொய் இல்லை

“பத்து வருஷமாகக் கட்டுகிறேன், ஒரு பைசா திரும்ப வந்ததில்லை.” மருத்துவக் காப்பீட்டைப் பற்றிப் பேச்சு எழுந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். ஏமாந்துபோன குரலில்தான் சொல்வார். கொஞ்ச நேரத்தில் அவரே தொடர்வார்: “பல் டாக்டரிடம் போனால் கிடையாதாம். கண்ணாடி மாற்றினால் கிடையாதாம். காய்ச்சலுக்கு ஊசி போட்டால் கிடையாதாம். பிறகு எதற்குத்தான் கொடுப்பார்களாம்?” நியாயமான கேள்விதான். ஒரு டீக்குள் முடிகிற பதில் இல்லை என்பதால் இரண்டாவதையும் சொல்லிவிட்டு உட்காருவோம்.

முதலில் அந்தப் பத்து வருஷ மனக்குறை. மற்ற குழப்பங்கள் எல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கின்றன. புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் கீரமங்கலம், பேராவூரணி வட்டாரத்தில் ஆடி மாதம் மொய் விருந்து நடக்கும். கறிச்சோறு போட்டு, பந்தலில் மேசை வைத்து, யார் எவ்வளவு செய்தார் என்று நோட்டில் எழுதி வாங்குவார்கள். நாம் ஒருவருக்கு ஐயாயிரம் செய்திருந்தால், நம் வீட்டு விருந்தில் அவர் அதைக் கொஞ்சம் கூட்டியே திருப்பிச் செய்தாக வேண்டும். போட்டது வரும். எல்லோருக்கும் ஒரு முறை உண்டு. பிரீமியம் கட்டும்போது நம் மனதுக்குள் ஓடுவதும் இந்த மொய்க் கணக்குதான்.

காப்பீட்டில் முறை என்று ஒன்று கிடையாது. ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஆயிரம் குடும்பங்கள் சேர்கின்றன. ஒரு வருஷத்தில் அவற்றில் முப்பது குடும்பங்களில் யாராவது ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள், தலைக்கு ஒரு லட்சம் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 30 லட்சம். ஆயிரத்தால் வகுத்தால் குடும்பத்துக்கு 3,000 ரூபாய். நிறுவனத்தின் நடைமுறைச் செலவு, ஏஜென்ட் கமிஷன், லாபம் எல்லாம் சேர்த்து 4,000 வாங்குகிறார்கள். 970 குடும்பங்களுக்கு ஒன்றும் திரும்பவில்லை. அந்தப் பணம்தான் முப்பது பேரின் வீட்டுப் பத்திரம் அடகுக்கடைக்குப் போகாமல் காத்தது. எந்த முப்பது என்று ஜனவரியில் யாருக்கும் தெரியாது. ஒருவேளை நாமாக இருக்கலாம் என்பதால்தான் ஆயிரம் பேரும் கட்டினார்கள். பத்து வருஷம் ஒன்றும் வராதவர் ஏமாறவில்லை. பத்து வருஷமும் அவர் 970-க்குள் இருந்திருக்கிறார்.

இப்போது மொய் மனசு அடுத்த கட்டத்துக்குப் போகும். ‘பெரிய வியாதி வராவிட்டாலும் சின்னதாவது வந்து கொஞ்சம் திரும்பினால் சரி. பல் சுத்தம் செய்வதற்காவது கொடுக்கலாமே?’ கொடுத்துப் பார்ப்போம். பல் சுத்தம் செய்ய ஆயிரம் ரூபாய் ஆகிறது, ஆயிரம் குடும்பங்களும் வருஷத்துக்கு ஒருமுறை போகின்றன. 10 லட்சம் கூடுதல். முன்பு போட்ட அதே விகிதத்தில் நிறுவனத்தின் பங்கையும் சேர்த்தால் ஒவ்வொருவரின் பிரீமியமும் ஏறக்குறைய 1,330 ரூபாய் ஏறும். தெருமுனைப் பல் மருத்துவரிடம் நேரே கொடுத்தால் ஆயிரம். ‘இலவசமாக’ வாங்கினால் 1,330. மருத்துவக் காப்பீடு மட்டுமே செய்யும் நிறுவனங்கள் வசூலிக்கும் 100 ரூபாயில் 35 ரூபாய் வரை நிர்வாகச் செலவுக்கும் கமிஷனுக்கும் எடுத்துக்கொள்ள, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதி இடம் தருகிறது. ஆக, என் கற்பனைக் கணக்கு கொஞ்சம் தாராளமானதுதான்.

எல்லோருக்கும், எப்படியும், தெரிந்த தொகையில் வரும் செலவைக் காப்பீட்டில் ஏற்றுவது நம் பணத்தை நாமே கமிஷன் கொடுத்து வாங்குவது. ‘எல்லாவற்றுக்கும் கொடுக்கும் பாலிசிதான் நல்ல பாலிசி’ என்ற நினைப்பு இங்கேதான் சறுக்குகிறது. காப்பீடு சுமக்க வேண்டிய செலவு எப்படி இருக்கும்? யாருக்கு வரும் என்று முன்கூட்டித் தெரியாது. வந்தால் குடும்பம் தாங்காது. அது வருவதும் வராததும் நம் கையில் இல்லை. இந்த மூன்றையும் கேள்விகளாக மனதில் வைத்துக்கொண்டு பாலிசியின் விலக்குகள் பக்கத்தைப் புரட்டினால், திமிராகத் தெரிந்த பல வரிகளுக்குக் காரணம் புலப்படும். சில வரிகளுக்குக் காரணமே இல்லை என்பதும் புலப்படும்.

அழகுக்காகச் செய்யும் பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் கிடையாது. ஆனால் விபத்துக்கும் தீக்காயத்துக்கும் புற்றுநோய்க்கும் பிறகு அதே சர்ஜரி செய்தால் உண்டு. கண்ணாடியைக் கழற்றச் செய்யும் லேசர் சிகிச்சைக்கு 7.5க்குக் குறைந்த பவர் என்றால் கிடையாது. அதற்கு மேல் போனால் அது வசதிக்காகச் செய்வது என்று சொல்ல முடியாது. உடல் எடையைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் இதே மாதிரி ஒரு கோடு உண்டு. எடையை உயரத்தோடு ஒப்பிடும் பி.எம்.ஐ. என்ற அளவு குறைந்தது 40 இருக்க வேண்டும், அல்லது குறைந்தது 35 இருந்து கூடவே இதய நோய், கட்டுப்படாத சர்க்கரை போன்ற ஒன்றும் இருக்க வேண்டும். கத்தி அதே கத்திதான். அதைத் தேடிப்போன காரணத்தைத்தான் பாலிசி கேட்கிறது. இதில் சண்டை போட எனக்கு ஒன்றுமில்லை.

பிரசவத்தில் கதை அவ்வளவு நேர் இல்லை. பெரும்பாலான தனிநபர் பாலிசிகளில் பிரசவம் விலக்கு. கர்ப்பப்பைக்கு வெளியே கரு தங்கிவிட்டால் மட்டும் தருவார்கள். மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்த்தால், எட்டு மாதம் முன்னாலேயே தெரியும் செலவு இது, திட்டமிட்டும் வரும் செலவு. ஆகவே சாதாரணப் பிரசவத்துக்குப் பணம் சேர்த்து வைப்பதுதான் சரியான வழி என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பிரசவத்தில் நேரும் சிக்கலை எந்தத் தாயும் திட்டமிடுவதில்லை. நஞ்சு பிரியாமல் ரத்தம் கொட்டி ஐ.சி.யூ.வுக்குப் போவது யாருக்கு என்று தெரியாத, தாங்க முடியாத, கையில் இல்லாத செலவு. வழக்கமான பிரசவத்தையும் ஆபத்தான பிரசவத்தையும் ஒரே வரியில் வைத்து வெளியே தள்ளுவது சோம்பேறித்தனமான விதி. பிரசவத்தைச் சேர்த்துக்கொள்ளும் பாலிசிகளும் உண்டு, ஆனால் அவற்றில் காத்திருப்பு நீளம், கிடைக்கும் தொகை சிறிது.

காத்திருப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது, இரண்டாவது பெரிய கோபம் அதன் மேல்தான். புதிய பாலிசி எடுத்தால் முதல் 30 நாள் விபத்து தவிர வேறெதற்கும் கிடையாது. மூட்டு மாற்று, கண்புரை, குடலிறக்கம், மூலம் போன்ற ஒரு பட்டியலுக்குப் பெரும்பாலும் இரண்டு வருஷம் பொறுக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம்; 2024 வரை இது 48 மாதமாக இருந்தது. “வியாதி இருக்கிறவனுக்குத்தானே காப்பீடு வேணும்? அவனைப் போய் மூணு வருஷம் நில்லு என்றால் என்ன நியாயம்?”

நிற்கச் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நம் ஆயிரம் குடும்பங்களிடம் போய்ப் பார்ப்போம். டாக்டர் மூட்டு மாற்றச் சொன்ன மறுநாள் ஒருவர் 4,000 கட்டிச் சேர்ந்து இரண்டு லட்சத்துக்கு ஆபரேஷன் செய்துகொள்கிறார். அடுத்த மாதம் அதே யோசனையுடன் பத்துப் பேர். பிரீமியம் 6,000 ஆகிறது. ‘எனக்கு ஒரு தலைவலிகூட வராது, எதற்கு ஆறாயிரம்?’ என்று திடகாத்திரமானவர்கள் சிலர் விலகுகிறார்கள். மிச்சமிருப்பவர்களில் நோயாளிகளின் பங்கு கூடுகிறது, பிரீமியம் 9,000 ஆகிறது, இன்னும் சிலர் விலகுகிறார்கள். கடைசியில் நோயாளிகள் மட்டும் உட்கார்ந்து தங்கள் ஆஸ்பத்திரி பில்லைத் தாங்களே பங்கு போட்டுக்கொள்வார்கள். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970இல் பழைய கார் வியாபாரத்தை வைத்து எழுதிய கட்டுரையில் இதை விளக்கினார். 65 வயதைத் தாண்டியவர்கள் என்ன விலை கொடுத்தாலும் மருத்துவக் காப்பீடு வாங்கத் திணறுவது ஏன் என்பதும் அதில் அவர் காட்டிய எடுத்துக்காட்டு. 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே காத்திருப்பு நோயாளிக்குத் தரும் தண்டனை இல்லை, வீடு பற்றிய பிறகு தீக்காப்பீடு எடுக்க வருபவரை நிறுத்தும் கதவு. ஆனால் இதில் ஒரு விஷயத்தை ஏஜென்ட்கள் சொல்வதில்லை. இந்தக் கதவு தேவைப்படுவதே, விரும்பியவர் விரும்பியபோது சேரலாம் என்ற ஏற்பாட்டில்தான். ஆபீஸில் கொடுக்கும் குரூப் பாலிசியைப் பாருங்கள். சர்க்கரை, பிரஷர் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே உண்டு. பிரசவமும் பலவற்றில் உண்டு. கம்பெனிக்காரர்கள் இரக்கக்காரர்கள் என்பதால் அல்ல. அங்கே யாரும் மூட்டு வலிக்காகச் சேரவில்லை, சம்பளத்துக்காகச் சேர்ந்தார்கள். நோயாளி மட்டும் பொறுக்கி வந்து உட்கார வழியில்லை.

தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ. காப்பீடு இன்னும் ஒரு படி மேலே போகும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது அது. மாதச் சம்பளம் 21,000 வரை வாங்கும் தொழிலாளி சேர்ந்தே ஆக வேண்டும். சம்பளத்தில் முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் கட்டுகிறார்கள். காய்ச்சல் மாத்திரையிலிருந்து பெரிய ஆபரேஷன் வரை, நோயில் படுத்த நாளுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு வரை அதில் உண்டு. டிஸ்பென்சரியில் நிற்கும் வரிசையைப் பற்றி அங்கே போனவர்கள் வேறு கதை சொல்வார்கள், அது வேறு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் காத்திருப்பு கிடையாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு அரசே பிரீமியம் கட்டுகிறது. 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்ததிலிருந்து குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம். காப்பீடு எதையெல்லாம் சுமக்கலாம் என்பது நோயின் பெயரைப் பொறுத்தது என்று நினைத்தோம். அதைவிட அதிகமாக, உள்ளே யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதைப் பொறுத்தது.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. “சுகர் இருக்குன்னு எழுதாதீங்க சார், பிரீமியம் ஏறிடும்” என்று ஏஜென்ட் சொன்னால் கேட்கக் கூடாது. இதயத்துக்கு ஸ்டென்ட் வைக்கும் நாளில் பழைய சீட்டுகள் எப்படியும் வெளியே வரும், கிளெய்மும் போகும், பாலிசியும் போகும். தொடர்ந்து 60 மாதம் கட்டிவிட்டால் நிறுவனம் பழசைக் கிளற முடியாது என்ற பாதுகாப்பு 2024 முதல் இருக்கிறது, முன்பு அது எட்டு வருஷம். ஆனால் வேண்டுமென்றே மறைத்த மோசடிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

இனி, எனக்கே ஒப்பாத ஒன்றுக்கு வருவோம். 1986இல் அரசின் நான்கு பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ‘மெடிக்ளெய்ம்’ கொண்டுவந்த நாளிலிருந்து நம் பாலிசிகள் நோயைவிடக் கட்டிலைத்தான் அதிகம் பார்க்கின்றன. 24 மணி நேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தால் பணம், படுக்காவிட்டால் இல்லை. டயாலிசிஸ், கீமோதெரபி, கண்புரை போல ஒரே நாளில் முடியும் சிகிச்சைகளுக்குப் பிற்பாடு இந்த நிபந்தனையைத் தளர்த்தினார்கள். மற்றபடி டாக்டர் ஃபீஸ், மாத்திரை, ரத்தப் பரிசோதனை எல்லாம் நம் பர்ஸிலிருந்துதான்.

சர்க்கரைக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதாமாதம் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு பரிசோதனை: பாலிசியில் கிடையாது. காலில் உணர்ச்சி குறைகிறது, மெத்தென்ற சிறப்புச் செருப்பு வாங்கச் சொல்கிறார் டாக்டர்: கிடையாது. அது பணம் தர வேண்டாத பொருட்களின் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கிறது. புண் வந்து, சீழ் பிடித்து, விரலை எடுக்கக் கட்டிலில் படுக்கிறார்: இப்போது உண்டு. சில ஆயிரங்களில் தடுத்திருக்கக்கூடியதை லட்சங்களில் வெட்டி எடுக்கப் பாலிசி தயாராக இருக்கிறது.

“மாத்திரைச் செலவு எப்படியும் மாதாமாதம் வருவதுதானே? நீங்கள் சொன்ன கணக்குப்படி அது காப்பீட்டில் வரக் கூடாதே?” என்று கேட்பீர்கள். சரியான மடக்கு. மூன்று கேள்விகளும் பெரிய நோய்க்கு நன்றாக வேலை செய்யும், நாள்பட்ட நோயின் சின்னச் செலவில் அவை தடுமாறும். 1974 முதல் 1982 வரை அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஜோசப் நியூஹவுஸ் தலைமையில் ஒரு பெரிய சோதனை நடத்தியது. சில குடும்பங்களுக்கு மருத்துவம் முழுக்க இலவசம். மற்றவர்கள் ஒரு பங்கைத் தாங்களே கட்ட வேண்டும், சிலருக்கு அது 95 சதவீதம் வரை. கையிலிருந்து கொடுக்க வேண்டியவர்கள் மருத்துவத்தைக் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் தேவையற்றதை மட்டும் குறைக்கவில்லை, தேவையானதையும் ஏறக்குறைய அதே அளவில் குறைத்தார்கள். சராசரி மனிதரின் உடல்நலத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஏழைகளில் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு, இலவசம் கிடைத்த பக்கத்தில் நோய் இன்னும் நன்றாகக் கட்டுப்பட்டது.

பிரஷர் மாத்திரை ஐம்பது ரூபாய்தான். ஆனால் அது வலிக்காத நோய்க்கான ஐம்பது ரூபாய். மாதக் கடைசியில் வீட்டுக்காரர் முதலில் வெட்டுவது அதைத்தான். ஆகவே அந்தச் செலவை யாராவது சுமந்தாக வேண்டும், சுமப்பதற்குக் காப்பீட்டு நிறுவனம் சரியான ஆள் இல்லை என்பது என் கட்சி. ஐம்பது ரூபாய்க்கு ஒரு கிளெய்ம் ஃபாரம், அதைப் பரிசோதிக்க ஒரு ஆள், அவருக்குச் சம்பளம் என்று போனால் மாத்திரையைவிடக் காகிதம் விலை கூடிவிடும். தமிழ்நாட்டில் இதற்கு நேரான வழி ஏற்கெனவே இருக்கிறது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலிலேயே கொடுக்கிறார்கள். அங்கே ஃபாரமும் இல்லை, கிளெய்மும் இல்லை. பாலிசி வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பம் ஆரம்ப சுகாதார நிலையத்துப் படியேறக் கூச்சப்பட்டு மருந்துக்கடையில் காசு கொடுக்கிறது. அந்தக் கூச்சத்துக்கு எந்தப் பாலிசியிலும் பணம் கிடையாது.

கட்டிலைப் பார்க்கும் பாலிசியின் இன்னொரு விளைவும் உண்டு. ஸ்கேன் எடுக்க வந்தவரிடம் “இன்சூரன்ஸ் இருக்கா?” என்று கேட்டு, இருந்தால் ஒரு ராத்திரி படுக்கவைப்பது. நமக்கும் இனிக்கும், ஆஸ்பத்திரிக்கும் இனிக்கும். ஆனால் பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆவது எல்லாப் பாலிசியிலும் எழுதப்பட்ட விலக்கு. சிகிச்சை என்று எதுவும் நடக்காமல் சொட்டு மருந்து பாட்டிலை மட்டும் தொங்கவிட்டிருந்தால் கிளெய்ம் நிராகரிக்கப்படும், கட்டில் வாடகையும் நம் தலையில் விழும். நிராகரிக்காமல் விட்டால் அடுத்த வருஷப் பிரீமியத்தில் அது ஏறும். இரண்டில் எது நடந்தாலும் கட்டுவது நாம்தான்.

ரூம் வாடகை விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். டிஸ்சார்ஜ் அன்று கவுன்ட்டரில் நடக்கும் சண்டைகள் பலவற்றுக்கு இதுதான் வேர். மூன்று லட்சம் பாலிசி, ரூம் வாடகை ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000 வரை என்று வைத்துக்கொள்வோம். நாம் 6,000 ரூபாய் ரூமில் ஐந்து நாள் இருக்கிறோம். ‘வித்தியாசம் 15,000தானே, கட்டிவிடலாம்’ என்று நினைக்கிறோம். பில் வருகிறது: ரூம் 30,000, சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்ஸிங் எல்லாம் 1,50,000, மருந்து, பரிசோதனை, உள்ளே வைத்த கருவி 70,000. மொத்தம் இரண்டரை லட்சம். ரூமில் பாதி தகுதி என்பதால் அந்த 1,50,000-லும் பாதிதான் தருவார்கள். 15,000, 75,000, அதோடு 70,000, ஆக 1,60,000. நம் கையிலிருந்து 90,000.

காரணம் இல்லாமல் இல்லை. பல தனியார் மருத்துவமனைகளில் ரூம் உயர்ந்தால் அதே சர்ஜன் அதே ஆபரேஷனுக்கு வாங்கும் ஃபீஸும் உயரும். வசதியான ரூமைத் தேர்ந்தது நம் விருப்பம், ஆகவே அதன் கூடுதலை மற்ற 999 குடும்பங்கள் சுமக்க வேண்டியதில்லை. ஆணையம் 2020இல் இதற்கு எல்லை வகுத்தது: மருந்து, கருவி, பரிசோதனை இவற்றில் இந்த வெட்டு கூடாது, ரூமுக்கு ஒரு ரேட் என்று வைக்காத மருத்துவமனையில் வெட்டே கூடாது. வரம்பு நியாயம்தான். ஆனால் ஜெனரல் வார்டில் இடமில்லை என்று ஆஸ்பத்திரியே பெரிய ரூமில் போட்டால் அது யார் விருப்பம்? அட்மிஷன் போடும்போதே அதை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

பணம் தர வேண்டாத பொருட்களின் பட்டியல் என்று சொன்னேனே, அதில் 68 உருப்படிகள் இருக்கின்றன. டி.வி. கட்டணம், லாண்டரி, பவுடர், கிரீம் என்று போகும் அந்தப் பட்டியலில் கையுறை, முகக்கவசம், இ.சி.ஜி. எடுக்க ஒட்டும் எலக்ட்ரோடு ஆகியவையும் இருக்கின்றன. நோயாளி டி.வி. பார்க்காமல் இருக்கலாம். கையுறை போடாமல் ஆபரேஷன் செய்யுங்கள் என்று சர்ஜனிடம் கேட்க முடியுமா? இதற்கென்று கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு தனியே ஒரு சேர்க்கை விற்கிறார்கள். சிகிச்சையிலிருந்து பிரிக்க முடியாததைப் பிரித்து விற்பது வியாபார சாமர்த்தியம், அவ்வளவுதான்.

விலக்குகளை யாரோ கல்லில் வெட்டிவைத்ததாக நினைக்க வேண்டாம். மனநோய்க்குப் பாலிசிகள் முகம் திருப்பிய காலம் இருந்தது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், உடல் நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் தர வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு ஆணையம் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. மனச்சிதைவு யாருக்கு வரும் என்று தெரியாது, வந்தால் தாங்காது, வரவழைத்துக்கொள்வதும் இல்லை. முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்திருக்க வேண்டியது. கையுறையும் ஒரு நாள் உள்ளே வரக்கூடும்.

நிராகரித்தது தவறு என்று தோன்றினால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். 50 லட்சம் வரையிலான விவகாரங்களைக் கேட்பார், கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. சென்னையிலும் அந்த அலுவலகம் இருக்கிறது.

இன்னும் ஒன்றே ஒன்று. ஆபீஸ் பாலிசியில் காத்திருப்பு இல்லை என்று பார்த்தோம். வேலையை விட்ட நாளோடு அது முடிகிறது. தனியார் வேலையில் 58 வயதில் ஓய்வு என்றால், நோய் வரத் தொடங்கும் வயதில் பாதுகாப்பு போகிறது. மத்திய அரசு 2024 அக்டோபரில் வருமான வரம்பு பார்க்காமல் 5 லட்சம் என்று விரித்த திட்டம் 70 வயது நிரம்பியவர்களுக்குத்தான். இடையில் 12 வருஷம். 65க்கு மேல் புதிய பாலிசி இல்லை என்று கதவடைத்த பழக்கத்துக்கு 2024இல் விதி மாறியது, ஆனால் எடுப்பவரின் உடலைப் பார்த்து விலை சொல்லவும் மறுக்கவும் நிறுவனத்துக்கு இன்னும் இடமுண்டு. அதனால் ஆபீஸ் பாலிசி இருக்கும்போதே, நாற்பதுகளில், சொந்தமாக ஒன்று எடுத்துவிடலாம். அந்த 36 மாதமும் வேலையில் இருக்கும்போதே கழிந்துவிடும். தனிநபர் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. பாலிசிப் புத்தகம் கைக்கு வந்த பிறகு 30 நாள் வரை, பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கலாம். அந்த 30 நாளில் மூன்று இடங்களைத் தேடிப் படித்தால் போதும்: விலக்குகள், காத்திருப்பு, ரூம் வாடகை.